மணவாளக்குறிச்சி மணல், ரேடியேஷன், கர்ப்பம், என்னோட டூரிசம் பிராஜெக்ட்: விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

நாரோயில்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்பிஏ டூரிசம் ஃபைனல் இயர், ஊரு நாகர்கோவில். கன்னியாகுமரிக்கு வர்ற கூட்டம் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இப்ப புதுசா வந்த கண்ணாடிப் பாலம் எல்லாம் பாத்துட்டு சூரிய அஸ்தமனம் முடிஞ்ச கையோட பஸ்ஸேறிப் போயிடுது. அந்தக் கூட்டத்த மேற்கால முட்டம், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, குளச்சல், தேங்காப்பட்டணம்னு ஒரு ராத்திரியாவது தங்க வைக்க எப்படி மார்க்கெட்டிங் பண்ணலாம்ங்கிறதுதான் என் பிராஜெக்ட்.

படகுத்துறை கியூல நின்னு சர்வே எடுத்துட்டு இருக்கேன். "அந்தப் பக்கம் ஏன் போகல"ன்னு கேட்டா முக்காவாசிப் பேரு அப்படி ஒரு இடம் இருக்கறதே தெரியாதுன்னுதான் சொல்றாங்க, அது நான் எதிர்பாத்ததுதான். ஆனா கொஞ்சம் பேரு, அதுலயும் புதுசா கல்யாணம் ஆனவங்க, "அங்க மணல்ல ரேடியேஷன் இருக்காமே, புள்ள உண்டாகணும்னு இருக்கறவங்க போகக்கூடாதாமே, பொறக்கற குழந்தைக்குக் குறை வருமாமே"ங்கறாங்க. மதுரைல இருந்து வந்த ஒரு அக்கா யூடியூப்ல பாத்தேன்னு வீடியோவே எடுத்துக் காட்டினாங்க.

இதக் கொண்டு போய் காலேஜ்ல என் பிராஜெக்ட் கைடு சார்ட்ட சொன்னா அவரு அப்படியே எதிர்ப்பக்கம் போறாரு. பிரேசில்ல குவாராபரின்னு ஒரு ஊரு இருக்காம், அங்க இதே மாதிரி மோனசைட் மணல்தானாம், ஆரோக்கிய நகரம்னே பேரு வச்சு வித்துட்டு இருக்காங்களாம், மூட்டு வலிக்காரங்க மணலுக்குள்ள புதைஞ்சு படுக்கறாங்களாம், நீயும் பிரோஷர்ல "மருத்துவ குணம் கொண்ட அபூர்வ மணல்"னு ஒரு வரி போடு, வேணும்னா குழந்தை இல்லாதவங்களுக்கு ஒரு வெல்னெஸ் பேக்கேஜ்னு சேத்துக்கோங்கறாரு. எனக்கு அது சரியாப் படல, ஆனா எதிர்த்துப் பேசக் கைல ஒண்ணும் இல்ல.

இதுல வீட்டுக் கதை வேற. எங்க அண்ணிக்கு சொந்த ஊரே மணவாளக்குறிச்சிதான். இப்ப நாலு மாசம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகணும்ங்கறாங்க, எங்க அம்மா அந்த யூடியூப் வீடியோவப் பாத்துட்டு விடமாட்டேங்கறாங்க. ரெண்டுக்கும் சேத்து ஒரே பதில் வேணும். உண்மையிலேயே ஆராய்ச்சி ஏதாவது பண்ணியிருக்காங்களா, பண்ணியிருந்தா என்ன வந்துது?

கடப்பொறத்தான்:

தங்கச்சி, நான் குளச்சல் பக்கத்து ஆளாக்கும். இந்தக் கேள்விய ஊருக்கு வெளிய நின்னு எல்லாரும் கேக்கியாவ, உள்ள இருக்க எங்களுக்கு அது என்ன பாடுன்னு ஒருத்தரும் கேக்கல. எங்க வீட்டுப் பிள்ளைக்கு மாப்பிள பாக்க வந்தவன் மொதல்ல நகைய கேக்கல, "மணல் கம்பெனி பக்கத்துலயா வீடு"ன்னு கேட்டான். அதுக்கப்புறம் வரவே இல்ல.

அதே சமயம் ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டும் போகாதீங்க. எங்க தெருவுல கேன்சர்னு திருவனந்தபுரம் ஆர்சிசி ஆஸ்பத்திரிக்கு அலையாத வீடு கொறவு. 2024ல கிள்ளியூர் தாலுகால 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்கப் போறோம்னு மணல் கம்பெனி சொன்னப்ப ஊரூரா எதுத்து நின்னது சும்மா இல்ல. டூரிஸ்ட் வந்தா எங்களுக்கும் நாலு காசு கெடைக்கும், அதுல எனக்கு மறுப்பு இல்ல, ஆனா மருத்துவ மணல்னு எழுதினா நாங்க சிரிக்கதா அழுவதா?

காரியோடைப்_அக்கா:

நான் திருவனந்தபுரத்துல ஒரு ஜெனடிக்ஸ் லேப்ல இருக்கேன், குரோமோசோம் பாக்கற வேலை, சொந்த ஊரு தக்கலை. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல மணல். கறுப்பா இருக்கறதப் பாத்துத்தான் எல்லாரும் பயப்படறாங்க. கறுப்பு இல்மனைட், டைட்டானியம் எடுக்கறது, அதுல இருந்துதான் வெள்ளை பெயிண்டுக்கான பொடி வருது. செவப்பா ரோஸ் கலர்ல வரி வரியா தெரியறது கார்னெட். ரேடியேஷன் விஷயத்துக்குக் காரணம் இந்த ரெண்டும் இல்ல, நடுவுல தேன் கலர்ல பொடிப்பொடியா கிடக்கற மோனசைட், அதுக்குள்ளதான் ரேடியேஷன் விடற தோரியம் இருக்கு. ஆனி ஆடில கடல் ஏறி அடிக்கறப்ப லேசான வெள்ளை மணல அலை இழுத்துட்டுப் போயிடும், கனமான இதெல்லாம் கரைலயே தங்கிடும், அப்ப ஒரு கை அள்ளிப் பாருங்க, சாதா மணல விட கனம் நல்லாவே தெரியும். இது எந்தக் கம்பெனியும் கொண்டு வந்து கொட்டினது இல்ல, மலைப் பாறை கரைஞ்சு ஆத்து வழியா காலங்காலமா வந்து சேந்தது. தோண்டி எடுக்கறது, பிரிக்கறது, தூசி, கரை அரிப்பு, இதெல்லாம் வேற கேள்வி. கடப்பொறத்தான் அண்ணன் சொல்ற போராட்டம் அந்தக் கேள்வியப் பத்தினது, அத நான் இங்க தொடல.

இப்ப ஆராய்ச்சி. நம்ம மாவட்டத்தோட தொடர்ச்சியா வடக்க கொல்லம் பக்கம் நீண்டகரை, சவரா, கருநாகப்பள்ளி கடலோரம் இருக்குல்ல, உலகத்துலயே இயற்கை ரேடியேஷன் ரொம்ப அதிகமா இருந்தும் ஜனம் நெருக்கமா வாழற இடங்கள்ல அது ஒண்ணு. உலக சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட் (மில்லி சீவர்ட், மில்லிகிரே ரெண்டும் ரேடியேஷன அளக்கற அலகு, இந்தக் கணக்குக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னே வச்சுக்கலாம்). அங்க வீட்டுக்கு வீடு மாறும், சில இடத்துல 1 மில்லிகிரேக்கும் கீழ, சில இடத்துல வருஷத்துக்கு 45 வரைக்கும் போகும். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காரங்க 1995ல இருந்து அங்க உள்ள அரசு ஆஸ்பத்திரிகள்ல பொறக்கற ஒவ்வொரு குழந்தையையும் பாத்துப் பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. உதடு பிளவு, முதுகுத்தண்டு குறை, கோணக்கால், இதய ஓட்டை, செத்துப் பொறந்தது எல்லாம் எழுதி, அம்மா இருந்த இடத்தோட அளவு வருஷத்துக்கு 1.5 மில்லிகிரேக்கு மேலயா கீழயான்னு பிரிச்சு ஒப்பிட்டாங்க. 2011 வரைக்கும் சேத்து 1 லட்சத்து 41 ஆயிரத்துக்கு மேல குழந்தைங்க. அளவு கூடக் கூட குறை கூடுதுன்னு அதுல வரல. தொப்புள்கொடி ரத்தத்துல குரோமோசோம் பாத்தது தனி, முதல் கட்டத்துலயே 10 ஆயிரத்துக்கு மேல குழந்தைங்களுக்குப் பாத்தாங்க, அதுலயும் ரெண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. நானும் தினம் அந்த வேலைதான் பாக்கறேன், ஒரு சாம்பிளுக்கு செல்ல வளத்து, ஸ்லைடு போட்டு, மைக்ராஸ்கோப்ல குரோமோசோமை ஒவ்வொண்ணா எண்ணி ஜோடி சேக்கணும், அதனால 10 ஆயிரம்ங்கற நம்பரப் படிச்சப்ப எனக்கு கழுத்து வலிச்சுது.

கேன்சருக்குத் தனியா கருநாகப்பள்ளி ஆய்வு இருக்கு, 2009ல வந்துது. 69,958 பேர சராசரியா பத்தரை வருஷம் பின்தொடர்ந்தாங்க, 1,379 பேருக்கு கேன்சர் வந்துது, ஆனா அது ரேடியேஷன் கூடின வீட்டுல கூடுதலா வரல. அண்ணே, உங்க தெருவுல கேன்சர் இல்லன்னு நான் சொல்லல. மீன்பிடிக்கற ஊருகள்ல வெத்தல புகையிலை, பீடி, தண்ணி, லேட்டா ஆஸ்பத்திரிக்குப் போறது எல்லாம் சேந்து வரும், எதால வந்துதுன்னு ஒரு தெருவ வச்சு பிரிச்சுப் பாக்க முடியாது, அதுக்குத்தான் இத்தனை ஆயிரம் பேர எடுக்கறது.

அண்ணி கணக்கு: வயித்துல உள்ள குழந்தைக்குக் குறை வருமோன்னு டாக்டருங்க யோசிக்க ஆரம்பிக்கறது 100 மில்லிகிரே பக்கத்துல, அதுவும் ஸ்கேன், ட்ரீட்மெண்டுன்னு கொஞ்ச நேரத்துல மொத்தமா பட்டா. நான் மேல சொன்ன உச்சபட்ச 45ஐயே எடுத்து ஒன்பது மாசத்துக்குப் போட்டாலும் 34 பக்கம்தான் வருது, அதுவும் சொட்டுச் சொட்டா. பெரும்பாலான வீடு அதுக்கு ரொம்பக் கீழ. டூரிஸ்ட் கணக்கு இன்னும் சுலபம். 45ஐ 8,760 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 5 மைக்ரோகிரே (மைக்ரோங்கறது மில்லில ஆயிரத்துல ஒரு பங்கு). மூணு மணி நேரம் காலு நனைச்சுட்டு உக்காந்திருந்தா 15. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமாரா 20. அவ்வளவுதான் ஹனிமூன் ஜோடியோட பிரச்சனை.

ரிட்டயர்டு_வாத்தி:

லேப் அம்மா நல்லாச் சொன்னீங்க, ஆனா ஒரு பக்கத்த மட்டும் சொல்றீங்களோன்னு சந்தேகம். நான் முப்பது வருஷம் பிளஸ் டூவுக்கு பயாலஜி எடுத்தவன். 1976ல நேச்சர் பத்திரிகைல கேரளக் கடலோரத்துல டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலா பொறந்து மூளை வளர்ச்சி குறையறது) கூடுதலா இருக்குன்னு டெல்லி டாக்டர்கள் எழுதினாங்களே, அதுல அப்ப டெல்லி எய்ம்ஸ் டைரக்டரா இருந்த ராமலிங்கசாமி மாதிரி பெரிய ஆளும் இருந்தாரு. அப்புறம் 2002ல அமெரிக்க சயின்ஸ் அகாடமி பத்திரிகைல அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்குப் போற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏல மாற்றம் கூடுதலா இருக்குன்னு வந்துது. அதையும் சொல்லணும்ல? இல்லன்னா கைடு சாரு பண்ற அதே வேலைதான், நமக்கு வேண்டியத மட்டும் பொறுக்கறது.

காரியோடைப்_அக்கா:

சார், ரெண்டும் உண்மைதான், கேட்டது நல்லதாப் போச்சு.

1976 பேப்பர்ல ரேடியேஷன் ஏரியால டவுன் சிண்ட்ரோம் 12 பேரு, ஒப்பிட எடுத்த ஏரியால ஒருத்தர்கூட இல்ல. பாத்தவுடனே பயமாத்தான் இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, எந்த ஊரா இருந்தாலும் 700, 1,000 பிறப்புக்கு ஒண்ணு டவுன் சிண்ட்ரோம் இருந்தே தீரும். ஆயிரக்கணக்கான பேரு உள்ள ஊர்ல ஒருத்தர்கூட இல்லன்னா அங்க இல்லன்னு அர்த்தம் இல்ல, தேடினதுல கோட்டை விட்டிருக்காங்க, இல்லன்னா அந்தக் குழந்தைங்க சின்னதுலயே போயிருக்கும். அந்த 12 ஒண்ணும் வழக்கத்துக்கு மீறின நம்பர் இல்ல, பக்கத்துல பூஜ்யத்த வச்சதால பெருசாத் தெரிஞ்சுது. இத அப்பவே மத்த ஆராய்ச்சியாளருங்க எழுதிட்டாங்க. இன்னொண்ணு அம்மாவோட வயசு. இருபதுல 1,500ல ஒண்ணு, முப்பத்தஞ்சுல 350ல ஒண்ணு, நாப்பதுல 100ல ஒண்ணு. நாப்பது வயசு வரைக்கும் பெத்துட்டே இருந்த அந்தக் காலத்துல ரெண்டு ஊரையும் ஒப்பிடணும்னா இத முதல்ல சரி பண்ணிட்டுத்தான் பேசணும்.

2002 விஷயம் இன்னும் சுவாரசியம், அத நான் ஒதுக்கவே மாட்டேன். 248 குடும்பம், 988 பேரு. ரேடியேஷன் ஏரியாக் குடும்பங்கள்ல அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவுல புள்ளி மாற்றம், அதாவது டிஎன்ஏல ஒரே ஒரு எழுத்து மாறறது, நிஜமாவே கூடுதலா இருந்துது. ஆனா மாறின எழுத்தெல்லாம் மனுஷ வரலாற்றுல எங்கயும் அடிக்கடி மாறிட்டே வந்த அதே இடங்கள். அந்தக் குழந்தைங்களுக்கு நோய்னு அந்தப் பேப்பர் சொல்லல. டிஎன்ஏல எழுத்து மாறறது ஒண்ணு, பிள்ளைக்குக் குறை வர்றது இன்னொண்ணு, யூடியூப்காரங்க ரெண்டையும் ஒண்ணாக்கிடறாங்க. ஹிரோஷிமா, நாகசாகி தப்பிச்சவங்களுக்குப் பொறந்த 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைங்களப் பாத்தப்பவும், அவ்வளவு பெரிய அடி பட்டவங்க, பிறவிக் குறை தெளிவாக் கூடினதா காட்ட முடியல.

நீங்க சொன்னதுல ஒண்ணு சரி. 1 லட்சத்து 41 ஆயிரம்னாலும் அதுல ரொம்ப உயர்ந்த அளவுள்ள வீட்டுல பொறந்தவங்க கொஞ்சம்தான். சின்னதா ஒரு கூடுதல் இருந்தா அது அந்த நம்பர்ல மறைஞ்சு போகலாம். அதனால "ஆபத்தே இல்லன்னு நிரூபணம்"னு நான் எழுதமாட்டேன், "கண்ணுக்குத் தெரியற அளவுக்குக் கூடல"ன்னு எழுதுவேன்.

கடப்பொறத்தான்:

எல்லாம் கொல்லம் கணக்கு. எங்க ஊருல எவன் வந்து பிள்ளையள எண்ணினான்?

காரியோடைப்_அக்கா:

நியாயமான கேள்வி அண்ணே. மணலு ஒண்ணுதான், தோரியம் ஒண்ணுதான், அதனால அந்தப் பதில் இங்க செல்லாதுன்னு சொல்ல முடியாது, ஆனா நம்ம ஊருக்குன்னு அதே அளவுல ஒண்ணு பண்ணணும்னு கேக்கறது உங்க உரிமை. நம்ம மாவட்டத்துல வீட்டுப் பிரசவம் இப்ப அனேகமா கிடையாது, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கு, ரெஜிஸ்டர் இருக்கு, செய்யணும்னு நெனச்சா செய்யலாம்.

நெய்யூர்_சிஸ்டர்:

நான் லேபர் வார்டு நர்ஸ். நீங்கல்லாம் பேப்பர் பேசுங்க, நான் அண்ணிய மட்டும் பேசறேன்.

நாலு மாசம்னா 11 வாரத்துல இருந்து 14 வாரத்துக்குள்ள எடுக்கற என்டி ஸ்கேன், டபுள் மார்க்கர் ரத்தம் எடுத்தாச்சான்னு கேளுங்க, டவுன் சிண்ட்ரோம் மாதிரி குறைக்கு வாய்ப்பு இருக்கான்னு பாக்கறது அதுலதான். விட்டுப்போச்சுன்னா டாக்டர்ட்ட சொல்லுங்க, அதுக்குப் பெறகு பாக்க வேற டெஸ்ட் இருக்கு. அஞ்சாம் மாசம், 18ல இருந்து 20 வாரத்துல டிஃபா ஸ்கேன், அத எந்தக் காரணத்துக்கும் தள்ளாதீங்க, உறுப்பு ஒவ்வொண்ணா பாக்கறது அதுலதான். ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டாங்களா? முதுகுத்தண்டுக் குறைய தடுக்கறதுல அந்த மஞ்ச மாத்திரை செய்யற வேலைக்கு நிரூபணம் 1991லயே வந்தாச்சு, ஏற்கனவே அப்படி ஒரு குழந்தை பொறந்த தாய்மாருக்குக் குடுத்துப் பாத்தப்ப மறுபடி வர்றது 72 சதவீதம் கொறைஞ்சுது. கர்ப்பம் தரிக்கறதுக்கு முன்னாடியே தொடங்கணும், நம்ம ஆளுங்க மூணாம் மாசம் வந்து கேப்பாங்க.

இன்னொண்ணு, அண்ணன் அண்ணி சொந்தத்துல கட்டினவங்களா? அத்தை மகன் மாமன் மகள்னா பிறவிக் குறைக்கு வாய்ப்பு வழக்கமான 3 சதவீதத்துல இருந்து 5, 6 பக்கம் போகும். எங்க வார்டுல கண்ணுக்கு முன்னாடி நாங்க பாக்கறது இதத்தான். சொந்தம்னா தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோய்க்கு கேரியரா, அதாவது நோய் இல்லாம அந்த ஜீன சுமக்கறவங்களான்னு ரெண்டு பேருக்கும் ஒரு டெஸ்ட், ரெண்டு பேரும் கேரியர்னா ஒவ்வொரு பிரசவத்துலயும் பிள்ளைக்கு நோய் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. மணல பாத்து பயப்படற மாமியார் "சொந்தம் விட்டுப்போகக் கூடாது"ன்னு அடுத்த மாசம் இன்னொரு பொண்ண அத்தை மகனுக்கே பேசி முடிப்பாங்க, இதெல்லாம் எங்க போயி சொல்ல.

அம்மா வீட்டுக்கு விடுங்க. முதல் பிரசவத்துக்கு அம்மா பக்கத்துல இருந்தா அந்தப் பிள்ளைக்கு ரத்த அழுத்தமாவது ஏறாம இருக்கும்.

நாரோயில்_பொண்ணு:

சிஸ்டர் ரொம்ப நன்றி, டபுள் மார்க்கர் எடுத்தாச்சு நார்மல், சொந்தம் இல்ல. லேப் அக்கா எழுதினத அப்படியே அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், எக்ஸ்ரே கணக்கு வந்தப்ப "அப்ப யூடியூப்ல பொய்யா சொல்லுவான்"ன்னாங்க, ஆனா குரல் கொஞ்சம் இறங்கியிருக்கு.

பிராஜெக்ட் பக்கம் இன்னும் சிக்கல். இந்த நம்பரெல்லாம் சொன்னதும் கைடு சார் பிளேட்ட மாத்திட்டாரு. "அப்ப மருத்துவ மணல் வேண்டாம், 1 லட்சம் குழந்தைகளிடம் ஆய்வு, முற்றிலும் பாதுகாப்பான கடற்கரைன்னு முதல் பக்கத்துல பெருசா போடு"ங்கறாரு. இது எப்படி இருக்கு?

மட்டிப்பழம்:

தங்கச்சி, நான் டிராவல்ஸ் நடத்தறேன், வேன் மூணு இருக்கு, சீசன்ல வடநாட்டுக் கூட்டம், மத்த நேரம் மலையாளக் கூட்டம். உங்க சாரு படிச்சவரா இருக்கலாம், ஆனா ஒரு கஸ்டமர வேன்ல ஏத்தியிருக்க மாட்டாரு. ஓட்டல் வாசல்ல "எங்க சாம்பார்ல பல்லி கிடையாது"ன்னு போர்டு வச்சா நீங்க உள்ள போவீங்களா? நூறுல தொண்ணூறு பேருக்கு இந்த ரேடியேஷன் கதையே தெரியாது, நீங்க முதல் பக்கத்துல போட்டா அவங்களுக்கும் சேத்துத் தெரிஞ்சிடும். கேக்கறவனுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தங்கற வீட்டுக்காரங்களுக்கு அரைப் பக்கத்துல இந்த லேப் அம்மா சொன்னத எழுதிக் குடுங்க, 5 மைக்ரோ 20 மைக்ரோ கணக்கோட, யாராவது கேட்டா அவங்க காட்டட்டும். வெப்சைட்ல அடிக்கடி கேக்கற கேள்விகள்னு ஒரு பக்கம் இருக்கும்ல, அதுல ஒரு ஓரத்துல போட்டாலும் போதும்.

மருத்துவம்னு எழுதறது வம்பு. 1954ல போட்ட மருந்து மாயாஜால விளம்பரத் தடைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, கேன்சர், பெண்களுக்குக் குழந்தை இல்லாமை இதையெல்லாம் குணப்படுத்தறோம்னு விளம்பரம் பண்ணக்கூடாத பட்டியல்லயே வச்சிருக்கு. உங்க சாரு சொன்ன அந்தக் குழந்தை இல்லாதவங்க பேக்கேஜ் நேரா அதுல போயி முட்டும். என் பழைய பார்ட்னர் ஒருத்தன் மூலிகை எண்ணெய் மசாஜ்னு நோட்டீஸ் அடிச்சுட்டு அதுல நோய் பேரா அடுக்கிட்டான், அப்புறம் கட்டு கட்டா நோட்டீஸ கிழிச்சதுதான் மிச்சம்.

பிரேசில்ல ஓடுதுன்னா அது அந்த ஊரு பழக்கம். ஆஸ்திரியால காஸ்டைன்ல ரேடான் குகைக்குள்ள படுக்க வைக்கறாங்க, ஜப்பான்ல மிசாசான்னு வெந்நீர் ஊத்து, ஈரான்ல ராம்சர். நம்ம ஊருல மருந்து இல்லாமலே அதவிட நல்ல கதை கிடக்கு. படகுத்துறை பக்கத்துல பிளாஸ்டிக் கவர்ல ஏழு கலர் மணல்னு விப்பாங்கள்ல, வரிசையா அடுக்கி, கறுப்பு, செவப்பு, வெள்ளைன்னு? கன்னியாகுமரி அம்மனுக்கும் சுசீந்திரம் சாமிக்கும் கல்யாணம் நின்னுபோயி, சமைக்காம கிடந்த அரிசியும் பயறும்தான் மணலாச்சுன்னு சொல்லித்தான் அத விக்கறாங்க. அதே மணல் கவருக்குள்ள இல்லாம கரை முழுக்க வரி வரியா கிடக்கறது மேற்கால, அங்க கூட்டிட்டுப் போங்க.

அடுத்தது 1909. ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரன், இங்க இருந்து போன கயிறுல ஒட்டியிருந்த மணலப் பாத்து மோசைட்ட கண்டுபிடிச்சு, தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்துட்டான். கேஸ் விளக்குக்கு மேல ஒரு வலை இருக்கும்ல, பெட்ரோமாக்ஸ்ல கட்டுவோமே மாண்டில், அதுக்குத் தோரியம் வேணும். ஐரோப்பால வீதி விளக்கு எரிஞ்சதுக்கு நம்ம கரை மணலு போயிருக்கு. இத வேன்ல சொன்னா ஆளுங்க போன கீழ வச்சுட்டுக் கேக்கறாங்க. அங்க இருந்து குளச்சல், 1741ல மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரன அடிச்ச இடம், வெற்றித் தூண் நிக்குது, புடிச்ச டி லனாய் அப்புறம் இவருக்கே தளபதி ஆயி உதயகிரி கோட்டைக்குள்ள கல்லறையா கிடக்கான். முட்டம் கலங்கரை விளக்கத்துல சாயங்காலம். பத்மநாபபுரம் அரண்மனை உதயகிரிக்குப் பக்கத்துலயே, அத முட்டத்துக்கு முன்னாடியே முடிச்சிடலாம். முழுசா ஒரு நாள் ஆயிடுச்சு, எங்க வருது ஜெனடிக்ஸ்?

ரிட்டயர்டு_வாத்தி:

மோசைட் இல்ல தம்பி, மோனசைட். மத்தபடி கச்சிதம்.

ஒரு விஷயம் அந்தப் பிள்ளைக்கு. உன் சர்வேல எத்தனாவது கேள்வில ரேடியேஷன் வருது? "இங்கே கதிர்வீச்சு இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா"ன்னு நீயே கேட்டிருந்தா, அதுக்கப்புறம் வர்ற பதில் எல்லாம் நீ போட்ட விதை.

நாரோயில்_பொண்ணு:

சார்... மூணாவது கேள்வி. "பின்வரும் காரணங்களில் எவை உங்களைத் தடுக்கின்றன"ன்னு பட்டியல் குடுத்து, அதுல ஒண்ணா அது இருக்கு. சீனியர் பிராஜெக்ட்ல இருந்த ஃபார்மெட்.

ரிட்டயர்டு_வாத்தி:

தூக்கிடு. முதல்ல திறந்த கேள்வி, "ஏன் போகல", அவங்க வாயில என்ன வருதோ அத அப்படியே எழுது. பட்டியல கடைசில வை. அப்ப ரேடியேஷன்னு தானா சொன்னவங்க எத்தன, பட்டியல்ல பாத்துட்டு டிக் அடிச்சவங்க எத்தனன்னு தனித்தனியா எண்ணு. அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம்தான் உன் பிராஜெக்ட்லயே உருப்படியான ரிசல்ட்டா இருக்கும்னு எனக்குப் படுது.

காரியோடைப்_அக்கா:

சார் சொன்னதோட சேத்து: "கர்ப்பமா இருக்கீங்களா, குழந்தைக்கு முயற்சி பண்றீங்களா"ன்னு கியூல நிக்கறவங்கட்ட கேக்காத. உடம்பு சம்பந்தமான கேள்வி கேட்டா காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் எழுத்துல சம்மதமும் வேணும், ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல் இருக்கு, கைடு சாருக்கும் காட்டு. அவங்களா சொன்னா சரி, பேரு இல்லாம குறிச்சுக்கோ.

நாரோயில்_பொண்ணு:

கேள்வித்தாள மாத்திட்டேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அதுதான். அடுத்த ரவுண்டு மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுல எடுக்கலாம்னு பாக்கறேன், பத்து நாளும் கூட்டம் இருக்கும், கடல் பக்கத்துலயே.

மட்டிப்பழம்:

வேண்டாம் தங்கச்சி. கொடைக்கு வர்றது இருமுடி கட்டிட்டு வர்ற பெண்கள் கூட்டம், பாதிக்கு மேல கேரளா. அவங்க அம்மன பாக்க வர்றாங்க, கடல்ல குளிச்சுட்டு பொங்கல் வச்சுட்டு கிளம்பிடுவாங்க, நீங்க முட்டத்துல ரூம் போடுவீங்களான்னு கேட்டா அடிக்க வருவாங்க. சனிக்கிழம நாலு மணிக்கு மேல முட்டத்துல நில்லுங்க, உங்களுக்கு வேண்டிய ஆளு அங்கதான் வருவான்.

கடப்பொறத்தான்:

வாறவங்கள்ட்ட மட்டும் கேட்டா போதுமா? எங்களுக்கும் ஒரு தாள் அடி. ராத்திரி தங்க ஆளு வரணுமா, வந்தா எந்தப் பக்கம் வரலாம், வல காயப்போடுற எடத்துல நின்னு போட்டோ எடுக்கலாமான்னு கேளு. பொம்பளையள்ட்ட தனியா கேளு, அவங்கதான் வீட்ட வாடகைக்கு விடணும், ஆம்பிளையள் கடலுக்குப் போயிருவோம்.

நாரோயில்_பொண்ணு:

கண்டிப்பா அண்ணே, இது எனக்குத் தோணவே இல்ல. வர்ற ஞாயித்துக்கிழம வரட்டா?

கடப்பொறத்தான்:

ஞாயிறு கடலுக்குப் போகமாட்டோம், எல்லாரும் ஊருல இருப்போம். காலைல பூசை முடிஞ்சி பத்து மணிக்கு மேல வா. கைடு சாரையும் கூட்டிட்டு வா, மருத்துவ மணல்ல ஒரு மணி நேரம் வெயில்ல படுக்கட்டு, பாப்போம்.